தருமன் வீட்டு ஜீப்

அடி அண்ணாமலை
8-2-1981

தம்பி சகாதேவனுக்கு,

பதினான்கு வருஷமாக நின்றுபோன ஜீப்பை இப்போது எதற்காகச் சரிசெய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்தும் தெரியவில்லை என்பதால் தெரியாது என்றே எழுதிவிடுகிறேன்.

நடந்ததைச் சொல்ல முடியும். பொங்கல் கழிந்த வாரம், ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருக்கும் ஒரு ஜெர்மன்காரர் மலை சுற்றி வரும்போது கொட்டகையில் ஜீப்பைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். 1943-ஆம் வருஷத்து வில்லிஸ், யுத்தத்துக்காகச் செய்தது, விற்பீர்களா என்று கேட்டார். "விற்பதற்கில்லை, பழுது பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை ஒரு திருகாணியைக்கூட யாரும் தொட்டதில்லை. அவர் தினமும் அந்த வழியாக நடக்கிறவர். சொன்ன பொய்யைக் காப்பாற்ற மறுநாள் செங்கம் ரோட்டு மெக்கானிக் வேடியப்பனைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

அவன் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர்மா, இது வண்டி இல்ல, அணில் வீடு. மொதல்ல அதுங்ககிட்ட பர்மிஷன் கேக்கணும்" என்றான். நாங்கள் கேட்காமலே அணில்கள் போய்விட்டன. கூடு மட்டும் ஒரு கூடை இருந்தது.

வேண்டிய சாமான்கள்: பெட்ரோல் பம்புக்கு டயாஃப்ரம், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ரப்பர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. ரோட்டரும் வண்டியில் இல்லை. உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்குத்தான் வேடியப்பன் விளக்கினான். மூடிக்குள் சுற்றுகிற கட்டைவிரல் அளவுக் கறுப்புத் துண்டு, அதுதான் ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது, அது இல்லாவிட்டால் புது எஞ்சின்கூட வெறும் இரும்பு என்றான். கேட்டுக்கொண்டேன்.

லாரிப் பட்டறையில் ஃபோர்மேனாக இருக்கிறவனுக்குப் பழைய சாமான் கடைகள் தெரிந்திருக்கும் என்பதால் உனக்கு எழுதினேன். வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத, எல்லோரும் என்று யாரும் இல்லை. நான் நலம். தனத்துக்கும் ரேணுவுக்கும் என் அன்பு. அப்பா இறந்தபோது ரேணு கைக்குழந்தை. இப்போது இரண்டாம் வகுப்பா?

அன்புடன்,
கஸ்தூரி


அம்பத்தூர்
23-2-1981

அக்காவுக்கு,

சகாதேவன் எழுதுவது. கடிதம் கிடைத்தது. ஜெர்மன்காரர் ஒருத்தருக்குப் பயந்து ஜீப்பை ரிப்பேர் செய்கிறவர் அந்த ஜில்லாவிலேயே நீங்கள் ஒருவர்தான்.

அந்த வேடியப்பனிடம் சொல்லுங்கள், அவசரப்பட்டு முன்னால் ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சுற்ற வேண்டாம். பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கும், பலவந்தமாகத் திருப்பினால் உள்ளே பிஸ்டன் கம்பி வளையும், அல்லது அவன் கை உடையும். பிளக்குகளைக் கழற்றி நாலு ஓட்டையிலும் மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றிப் பதினைந்து நாள் தொடாமல் விடச் சொல்லுங்கள்.

டயாஃப்ரமும் பிரேக் ரப்பரும் பஸ் பார்சலில் அனுப்புகிறேன். ரப்பர் புது ஜீப்பினுடையது, பொருந்தும். மூடி ஒரு கடையில் கிடைத்தது, அதையும் சேர்த்து அனுப்புகிறேன். ரோட்டர் கிடைக்கவில்லை.

ரோட்டர் எங்கே போயிற்று என்று அப்பா உயிரோடு இருந்தபோது அவரைக் கேட்டிருக்க வேண்டும். நான் ஒருமுறை கேட்டேன். என்ன பதில் கிடைத்தது என்று உங்களுக்கே தெரியும், பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தீர்கள்.

ரேணு இரண்டாம் வகுப்புதான்.

சகாதேவன்


அடி அண்ணாமலை
19-4-1981

அன்புள்ள சகாதேவனுக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. சாமான்களைச் சுற்றியிருந்த காகிதம் ரேணுவின் கணக்கு நோட்டுப் பக்கம். ஏழு எட்டு ஐம்பத்தாறு என்று சரியாகப் போட்டிருக்கிறாள். எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்மேல் ஒரு குறை உண்டு. அம்மா போன பிறகு எட்டாம் வகுப்புவரை உனக்குத் தலை வாரிவிட்டவள் நான். நீ 'நீங்கள்' என்று எழுதினால், வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டதுபோல இருக்கிறது.

எஞ்சின் இளகிவிட்டது. பதினைந்து நாள் நீ சொன்னபடி விட்டோம். பதினாறாம் நாள் வேடியப்பன் விசிறியைக் கையால் பிடித்து அசைத்தான். அரை அங்குலம் நகர்ந்தது. "மூச்சு வுடுது டீச்சர்மா" என்று கத்தினான். பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏன் டீச்சர், மாப்ள அழைப்புக்கா ரெடி பண்றீங்க? மாப்ள யாரு?" என்றாள். "ஜெர்மன்காரரு" என்றான் வேடியப்பன். அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் போய் இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. கல்லூரியில் ஒரு மாணவி என்னிடமே வாழ்த்துச் சொன்னாள்.

ரோட்டரைத் தானே செய்துவிடுகிறேன் என்று பழைய ஸ்விட்சுப் பலகையை அறுத்து இரண்டு நாள் ராவினான். பொருத்தி ஒரு சுற்று சுற்றியதும் பிளந்துவிட்டது. "இனிமே கொட்டாங்குச்சிதான் பாக்கி" என்கிறான்.

சக்கரங்கள் உருள்கின்றன. பச்சைப் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்கிறான். அப்பா அடித்த பச்சை எந்தப் பச்சை என்று எனக்கு நிச்சயமாக நினைவில்லை. உனக்கு இருக்கும். ஒருமுறை வந்து பார்த்துச் சொன்னால் நல்லது. ஜீப்புக்காக மட்டும் வந்தால் போதும், வேறு எதற்கும் உன்னைக் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
கஸ்தூரி


அம்பத்தூர்
14-6-1981

அன்புள்ள அக்கா,

சரி, நீ. இந்தா, எழுதிவிட்டேன். தனம் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். "இத்தினி வருசம் கழிச்சு இப்பத்தான் அக்காவா?" என்கிறாள்.

ரோட்டருக்காகப் புதுப்பேட்டையில் ஏறி இறங்காத கடை இல்லை. சக்கரபாணி என்று ஒரு பெரியவர், யுத்த வண்டி சாமானாகவே வைத்திருக்கிறவர், "வில்லிஸா? அத ஓட்டுனவங்களே ஸ்பேர் கெடைக்காம போய்ச் சேந்துட்டாங்க, நீ என்னாத்துக்கு அலையறே?" என்றார். புது ஜீப்பின் ரோட்டர் ஒன்றை அவர் கடையிலிருந்த பழைய வில்லிஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் போட்டுப் பார்த்தோம். ஒரு நூல் உயரம் ஜாஸ்தி, மூடி உட்காரவில்லை. தேய்த்தால் மேலே உள்ள பித்தளைத் தகடு போய்விடும். ஆனால் விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் தானாகக் கடைப்பக்கம் போகிறது.

இன்று ஜூன் 14. தேதி உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. 1967-இல் இதே நாள். நான் டிப்ளமா முடித்திருந்தேன். பெங்களூர் தொழிற்சாலையில் காலை பத்து மணிக்கு நேர்முகம். பஸ் ஸ்டிரைக். ஜீப்பை விட்டால் வழியில்லை. அப்பாவுக்கு அப்போது முதுகில் அடி, எழுந்து நடக்கவே ஆள் வேண்டும், நான் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. வண்டி வீட்டுக்கு வந்தால், வேறு யாரும் ஓட்டிப் போகாமலிருக்க, ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம், ராணுவ டிஸ்போசல் ஏலத்தில் வண்டி வாங்கியபோது மிலிட்டரி டிரைவர் ஒருத்தர் கற்றுக்கொடுத்தது. முந்தின நாள் அதைக் கேட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விடியற்காலை நாலு மணிக்குப் பானெட்டைத் திறந்தேன். ரோட்டர் இல்லை. கேட்டால், "மாடத்துல வெச்சேன், எடுத்துக்கடா" என்றார். மாடத்தில் விளக்குதான் இருந்தது. "வெச்சேன்டா" என்றார் மறுபடியும். "பொய் சொல்லாதப்பா" என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாலாம் நாள் பஸ் ஓடியதும் நான் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டேன். தடுத்ததற்காக இல்லை அக்கா. பெற்றவர் தடுக்கலாம். முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. அவர் செத்தபோதுகூட அதுதான் மனசில் இருந்தது. பால் தெளிக்க வந்தவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, நீ பார்த்திருப்பாய்.

அவருடைய டிரங்குப் பெட்டியில் தேடிப் பார். எங்கேயாவது போட்டு வைத்திருப்பார். கிடைத்தால் நமக்கு அலைச்சல் மிச்சம்.

உன் தம்பி,
சகாதேவன்


அடி அண்ணாமலை
5-7-1981

அன்புள்ள சகாதேவனுக்கு,

தேதி நினைவிருக்கிறது.

டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதில் ரோட்டர் இல்லை. இருந்தவை: தருமன் என்று அப்பாவின் பெயர் எழுதிய டிரைவிங் லைசென்ஸ், அம்மாவின் ஒரு கண்ணாடி வளையல், முதுகுக்குக் கட்டும் பட்டை, நான்காக மடித்த உன் கல்யாணப் பத்திரிகை. மடிப்பில் கிழிந்திருக்கிறது. பலமுறை பிரித்து மடித்தால்தான் அப்படிக் கிழியும். வேறு காரணமும் இருக்கலாம்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். நீ போன அடுத்த வருஷம் ராஜமாணிக்கம் மாமா வேலூரில் புது ரோட்டர் கிடைக்கிறது, வாங்கி வரவா என்று கேட்டார். அப்போதெல்லாம் கிடைத்தது. அப்பா வேண்டாம் என்றார். "அது வீட்டுலதான் இருக்குது. வர்றப்போ வரட்டும்." அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு ஏழு வருஷம் கம்பு ஊன்றிக்கொண்டு பஸ்ஸில்தான் போய்வந்தார்.

இதை நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று தெரியவில்லை. எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நானும் எழுதவில்லை.

பெயின்ட் நிற்கிறது. மழைக்கு முன் அடித்துவிட வேண்டும் என்கிறான் வேடியப்பன்.

கஸ்தூரி


அம்பத்தூர்
25-10-1981

அன்புள்ள அக்கா,

கிடைத்துவிட்டது! அசல். பெட்டியோடு, மெழுகுத்தாள்கூடப் பிரிக்காதது.

எங்கே என்று கேள். பெங்களூரில். சக்கரபாணி பெரியவர் ஒரு விலாசம் கொடுத்தார், இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். டிஸ்போசல் சாமான் குவித்த கிடங்கு. கிடங்குக்காரர் ஏணியைக் காட்டி, "மேல தேடிக்கோ, பாம்பு இருந்தா சொல்லு" என்றார். முழுசாக ஒரு நாள். சாயங்காலம் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. கையில் எடுத்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. முப்பத்தாறு வயசு ஆள், தூசியில் உட்கார்ந்து அழுதேன். கிடங்குக்காரர் பாம்பு கடித்துவிட்டது என்று ஓடிவந்தார்.

திரும்பும்போது அந்தத் தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே ஒரு டீ குடித்தேன். ஷிப்டு விட்டு ஆட்கள் சைக்கிளில் வந்தார்கள். என் வயசுக்காரர்கள். அவ்வளவுதான், வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அக்கா, அந்தப் பத்திரிகையைப் பற்றி நீ எழுதினதை நான் பத்துத் தடவை படித்திருப்பேன். வீட்டில்தான் இருக்கிறது என்று அப்பா சொன்னதையும். ஒளித்து வைத்ததை அவர் கடைசியில் அப்படி ஒத்துக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. போகட்டும். பிள்ளை போய்விடுவானே என்ற பயத்தில் செய்தது. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், இப்போது புரிகிறது. அப்பாவை மன்னித்துவிட்டேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது, உன்னிடம் சொல்லிவிட்டேன்.

தீபத்துக்குக் குடும்பத்தோடு வருகிறோம். ரோட்டரை நான்தான் போடுவேன், வேடியப்பன் கை வைக்கக் கூடாது. பெயின்ட் ஆலிவ் பச்சை, கொஞ்சம் கறுப்புக் கலக்கச் சொல். ரேணு இப்போதே முன் சீட்டு தனக்குத்தான் என்கிறாள்.

உன் தம்பி,
சகாதேவன்


அடி அண்ணாமலை
8-11-1981

அன்புள்ள சகாதேவனுக்கு,

இதனுடன் ரிஜிஸ்டர் பார்சலில் வருவது நம் ஜீப்பின் ரோட்டர். நீ தேடிக்கொண்டிருந்த எட்டொன்பது மாதமும், அதற்கு முன்னும், இது என் பீரோவில் இருந்தது.

1967 ஜூன் 13 மாலை அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து இதை மாடத்தில் வைத்தார். நான் பார்த்தேன். உன்னிடம் கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை, நீயே எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தார். அவர் சொன்னது உண்மை. விளக்கேற்றப் போனபோது நான் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

காரணம் சொல்ல வேண்டுமென்றால் சிறிய காரணம்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எனக்கு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூலையில் சேர வேண்டும். உங்கள் இருவருக்குமே சொல்லவில்லை. நம்மில் ஒருவர் அப்பாவோடு இருந்தாக வேண்டும். நீ பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டால் அது நான்தான். உனக்கு வயது இருபத்திரண்டு, இன்னொரு நேர்முகம் வரும் என்று கணக்குப் போட்டேன். எனக்கு முப்பத்து நான்கு.

நேர்முகத்துக்கான நேரம் கழிந்த பிறகு திருப்பி வைத்துவிடலாம் என்று இருந்தேன். ஆனால் நீ அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டாய். அதன்பின் மாடத்தில் அது தென்பட்டால் அவரே கொண்டுவந்து வைத்தார் என்றுதான் ஆகும். வாயைத் திறந்து சொன்னால் மட்டுமே தீரும். நீ கிளம்பும் வரை நான்கு நாள் இருந்தது. நான் சொல்லவில்லை. நீயும் போனாய், நானும் சென்னைக்குப் போகவில்லை.

அப்பா என்னை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வீட்டில் மூன்று பேர். அவர் எடுக்கவில்லை, நீ எடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. வேறு ரோட்டர் வாங்காமல் அவர் காத்திருந்தது என் வாயிலிருந்து வரட்டும் என்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. மாமாவிடம் அவர் அதைச் சொன்னபோது என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

டிரங்குப் பெட்டியில் இல்லை என்று எழுதினேன். அது பொய் இல்லை. அப்படி ஒரு வாக்கியத்தை யோசித்து எழுத எனக்கு ஒரு மாலை ஆயிற்று.

நீ மன்னித்தது மன்னிக்க ஒன்றும் இல்லாத ஆளை. உன் கடிதத்தைப் படித்த பிறகு இதை எழுதாமலிருக்க முடியவில்லை. அது மட்டும் வராமலிருந்தால் இப்போதும் எழுதியிருக்கமாட்டேன். அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எனக்காக எதுவும் கேட்கவில்லை. அப்பாவைப் பற்றி நினைப்பதை மட்டும் மாற்றிக்கொள்.

கஸ்தூரி


அடி அண்ணாமலை
12-12-1981, சனி

சகாதேவனுக்கு,

தீபம் முடிந்தது. கூட்டம் இன்னும் முழுதாகக் கலையவில்லை. உங்களுக்காக முன் அறையை ஒழித்து வைத்திருந்தேன். ரேணுவுக்கு ஒரு பாவாடை எடுத்திருந்தேன், அளவு ஊகம்தான்.

இன்று காலை தபால்காரர் உன் பார்சலைக் கொடுத்தார். விலாசம் உன் கையெழுத்து. உள்ளே இரண்டு ரோட்டரும் இருந்தன. என்னுடையது நான் சுற்றிய அதே கல்லூரி ஆய்வகத்து வடிதாளில். உன்னுடையது பெட்டியோடு, மெழுகுத்தாளும் பிரிக்காமல். கடிதம் இல்லை. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன், சுற்றியிருந்த காகிதத்தின் இரண்டு பக்கமும் பார்த்தேன். வெறும் செய்தித்தாள்.

நீ பெங்களூர் போய்க் கொண்டுவந்ததையாவது வைத்துக்கொண்டிருக்கலாம்.

நாளை வேடியப்பனை வரச் சொல்லியிருக்கிறேன். வண்டி ஓடுகிறதா இல்லையா என்பது உனக்குத் தெரிய வேண்டும். அதுவரை இந்தக் கடிதத்தை ஒட்டாமல் வைக்கிறேன்.


13-12-1981, ஞாயிறு

வேடியப்பன் எட்டு மணிக்கு வந்தான். இரண்டையும் பார்த்துவிட்டு, "ஒண்ணுக்கு நாயா அலைஞ்சோம், இப்ப ரெண்டா? எதப் போட டீச்சர்மா?" என்றான். பழையதைக் கொடுத்தேன். ஹேண்டிலை மூன்றாம் முறை சுற்றியபோது எஞ்சின் பிடித்தது. ஜோதியம்மாள் ஓடிவந்து வேலிக்கு அப்பால் நின்றாள். கேலி எதுவும் பேசவில்லை. ஜெர்மன்காரர் மாசி மாதமே ஊருக்குப் போய்விட்டார்.

செங்கம் ரோட்டில் போனோம். நீ அன்று போக இருந்த வழி. செங்கத்து ஆற்றுப் பாலம் வந்ததும் வேடியப்பன் வேகத்தைக் குறைத்து, "இன்னும் போலாமா, திரும்பலாமா?" என்று கேட்டான். திரும்பச் சொன்னேன். பிரேக் இடது பக்கம் இழுக்கிறது. மற்றபடி குறையில்லை.

ஊருக்குள் வந்ததும், பீடி வாங்க வேண்டும் என்று சொல்லி அவன் பஸ் நிலையம் வழியாக விட்டான். நான் சொல்லவில்லை. சென்னை பஸ் அப்போதுதான் வந்து நின்றது. அவன் வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தோம். நீ அதில் வரவில்லை.

அப்பாவின் பழக்கத்தை அவனிடம் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதன்படி ரோட்டரைக் கழற்றி என்னிடம் நீட்டினான். திரும்பப் போட்டு மூடியை மூடச் சொன்னேன். "யாராச்சும் வண்டிய எடுத்துட்டுப் பூடுவாங்க டீச்சர்மா" என்றான். எடுக்கட்டும் என்றேன்.

உன்னுடையதை மாடத்தில் வைத்திருக்கிறேன்.

கஸ்தூரி